‘ஆமாங்க’ என்று சொல்வதற்கு முன்: ஒழுங்குமுறை விசாரணைகளில் சிறப்புரிமையும் விலக்குரிமையும்

சேலத்தில் ஒருவர் தொழில் தொடங்கினால், அது ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையாக இருந்தாலும், செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியாக இருந்தாலும், ஏற்காட்டில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் சிறிய கூடமாக இருந்தாலும், என்றாவது ஒரு நாள் ஏதாவதோர் ஒழுங்குமுறை அமைப்பின் அறிவிப்பு அவர் கைக்கு வந்தே தீரும். அனுப்புவது உணவுப் பாதுகாப்புத் துறையாக இருக்கலாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமாக இருக்கலாம், ஜிஎஸ்டி அலுவலகமாக இருக்கலாம். அரிதாகச் சிலருக்கு டெல்லியிலிருந்து இந்தியப் போட்டி ஆணையத்தின் கடிதமும் வரும். உறையைப் பிரித்தவுடன் பலருக்கும் தோன்றுவது ‘நான் வாயே திறக்க மாட்டேன்’ என்பது அல்லது ‘எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள்’ என்பது. இரண்டுக்குமே சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது; ஆனால் அவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் பல ஆண்டுகளாக அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வழக்கறிஞன் என்ற முறையில், முதன்முறையாக அறிவிப்பு பெறுகிறவர்களுக்கு நான் வாய்மொழியாகச் சொல்லிவருவதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேட்கப்பட்டாலும் ஒரு தகவலைக் கொடுக்க மறுக்கலாம் என்று சட்டம் அனுமதித்தால் அது சிறப்புரிமை. செய்த செயலுக்காகவோ சொன்ன சொல்லுக்காகவோ ஒருவர்மீது வழக்கோ அபராதமோ வராமல் சட்டம் தடுத்தால் அது விலக்குரிமை. முன்னது தகவலைக் காக்கிறது, பின்னது ஆளைக் காக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொள்கிறவர்கள், மறைக்கக் கூடாத ரிஜிஸ்டரை மறைத்துவிட்டு, சொல்லத் தேவையில்லாத கடிதத்தைத் தாமே எடுத்து நீட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை: அறிவிப்பில் பிரிவு எண்ணைத் தேடுங்கள்

பயத்தில் யாரும் செய்யாத வேலை இது. அறிவிப்பு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்திருக்கிறது, உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்களா அல்லது நடவடிக்கைக்கு உள்ளாகும் தரப்பாக அழைக்கிறார்களா, நேரில் வரச் சொல்கிறார்களா அல்லது ஆவணம் மட்டும் கேட்கிறார்களா என்பவற்றை ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பொறுத்தே உங்களுக்குக் கிடைக்கும் காப்பு மாறும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 70-ஆம் பிரிவில் வரும் அழைப்பாணை ஒரு வகை. விளக்கம் கோரும் அறிவிப்பு, அதாவது எல்லோரும் ஷோ காஸ் நோட்டீஸ் என்று சொல்வது, வேறு வகை. முன்னதில் உங்கள் பிரதிநிதியை மட்டும் அனுப்பி வைக்க முடியாது. அந்தச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, சத்தியப்பிரமாணத்தின்பேரில் நேரில் விசாரிக்க அழைக்கும்போது பிரதிநிதி போதாது என்று தெளிவாகவே சொல்கிறது. பின்னதில் பெரும்பாலும் எழுத்தில் பதில் கொடுத்து, வழக்கறிஞரையோ பட்டயக் கணக்காளரையோ வாதாட அனுப்பலாம்.

மத்திய ஜிஎஸ்டி அழைப்பாணையில் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று இணையத்தில் சரிபார்க்கலாம். 2019 நவம்பர் முதல் அந்த எண் கட்டாயம். 2022 ஆகஸ்ட் 17 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட அறிவுறுத்தலும் நினைவில் இருக்கட்டும். கண்காணிப்பாளர் நிலை அதிகாரி அழைப்பாணை அனுப்ப மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும், இணையதளத்திலேயே கிடைக்கும் ஆவணங்களுக்காக ஆளை அழைக்கக் கூடாது, நிறுவனத்தின் உயர்நிலையில் இருப்பவர்களை எடுத்த எடுப்பில் அழைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. இதைக் காட்டி வராமல் இருந்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த விசாரணை நீதித்துறை நடவடிக்கையாகவே கருதப்படுவதால், பொய்ச் சாட்சிக்கான தண்டனைப் பிரிவும் இங்கே பொருந்தும்.

மௌனம் எதுவரை காக்கும்

அரசியலமைப்புச் சட்டத்தின் 20(3)-ஆம் கூறு, குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இந்த வாக்கியத்தில் ‘குற்றஞ்சாட்டப்பட்ட’ என்ற சொல்லைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்லர், அவர் விசாரிக்கும் கட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவரும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அதே தர்க்கம் இன்று ஜிஎஸ்டி அதிகாரிகளுக்கும் பொருந்துகிறது. ஆகவே போலீஸ் நிலையத்தில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, வரி அலுவலகத்தில் சொன்னதும் செல்லாது என்று நினைப்பது பெரிய தவறு. அங்கே நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும். போதைப்பொருள் தடுப்புச் சட்ட அதிகாரிகள் விஷயத்தில் மட்டும், தமிழ்நாட்டிலிருந்தே போன தோஃபான் சிங் வழக்கில், 2020-இல் நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது.

இன்னொன்று. இந்தக் காப்பு வாயிலிருந்து வரும் சாட்சியத்துக்குத்தான். கைரேகை, மாதிரிக் கையெழுத்து போன்றவற்றைக் கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-இல் 11 நீதிபதிகள் அமர்ந்த காத்தி காலு ஓகட் வழக்கு சொல்லிவிட்டது. உங்கள் ஆலையின் ஜவ்வரிசி மூட்டையிலிருந்து எடுக்கும் மாதிரியும், தொட்டியிலிருந்து எடுக்கும் கழிவுநீரும் பேசுவதில்லை. அவற்றைத் தர மறுக்க இந்தக் கூறு உதவாது. மறுத்தால் பணியைத் தடுத்த குற்றம் தனியாகச் சேர்ந்துகொள்ளும்.

மாதிரி எடுக்கும்போது மறுப்பதைவிட, முறை தவறாமல் எடுக்கிறார்களா என்று பார்ப்பதே உங்களுக்கான பாதுகாப்பு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பகுதி பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு பகுதிகள் மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும், நீங்கள் கேட்டுக்கொண்டால் நான்காவது பகுதி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு உங்கள் செலவில் போகும். அந்த நான்காவது பகுதியைக் கேட்டு வாங்குகிறவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, குச்சிக்கிழங்கு மாவில் மக்காச்சோள மாவு கலந்ததாக வரும் புகார் ஓர் ஆலையின் பெயரோடு நிற்பதில்லை என்பதால், அந்த ஒரு பொட்டலத்தின் அருமை கூடியிருக்கிறது. பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்து, பரிந்துரை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம்.

கழிவுநீருக்கு 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கிறது. 21-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்காமல் எடுத்த மாதிரியின் முடிவை எந்தச் சட்ட நடவடிக்கையிலும் சாட்சியமாக ஏற்கக் கூடாது. அன்று நீங்கள் ஆலையில் இல்லையென்றால், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள். திப்பி (கிழங்குச் சக்கை) அள்ளுகிற தொழிலாளியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

வக்கீலிடம் சொன்னதும் ஆடிட்டரிடம் சொன்னதும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆம் பிரிவு, வழக்கறிஞரிடம் தொழில்முறையில் சொன்னதையும், அவர் கொடுத்த ஆலோசனையையும், அவரிடம் காட்டிய ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் வெளியிடக் கூடாது என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 126-ஆம் பிரிவாக இருந்தது. வழக்கறிஞரின் குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளரும்கூட இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவார்கள். 134-ஆம் பிரிவோ மறுபக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்கிறது: சட்ட ஆலோசகரிடம் ரகசியமாகப் பேசியதை வெளியிடும்படி உங்களையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்தச் சிறப்புரிமை வழக்கறிஞருடையது இல்லை, உங்களுடையது. அதனால் அதைக் கைவிடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, பெரும்பாலும் தெரியாமலேயே.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகவே சொன்னது காக்கப்படாது. வழக்கறிஞர் பொறுப்பேற்ற பின் நடந்த குற்றத்தையோ மோசடியையோ அவரே கவனித்திருந்தால் அதுவும் காக்கப்படாது. ‘போன மாதம் பில் இல்லாமல் சரக்கு போனது, இப்போது என்ன செய்யலாம்’ என்று கேட்பதற்குக் காப்பு உண்டு. ‘அடுத்த மாதம் பில் இல்லாமல் அனுப்ப ஒரு வழி சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கு இல்லை. விசாரணை அமைப்புகள் வழக்கறிஞர்களையே அழைத்துக் கட்சிக்காரரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியபோது உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, இந்த விலக்குகளுக்குள் வந்தால் தவிர அப்படி அழைக்கக் கூடாது என்று 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கும் சட்ட அலுவலருக்கு 132-ஆம் பிரிவின் காப்பு கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பெரிய ஆலைகளும் நூற்பாலைகளும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் வேறு. அறிவிப்பு வந்தவுடன் சேலத்து வியாபாரி முதலில் போன் போடுவது ஆடிட்டருக்குத்தான். அது இயல்பு, கணக்கு அவரிடம்தானே இருக்கிறது. ஆனால் பட்டயக் கணக்காளருக்கு 132-ஆம் பிரிவு பொருந்தாது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் வாடிக்கையாளரின் தகவலை வெளியிடுவதைத் தொழில்முறைத் தவறாக ஆக்கியிருக்கிறது என்றாலும், சட்டப்படி கேட்கப்பட்டால் கொடுக்கலாம் என்ற வாசலையும் அதிலேயே வைத்திருக்கிறது. ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அழைப்பாணை வந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆலை உரிமையாளர், சோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன் தம் ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். மொத்தமே 40 வினாடிகள். கொள்முதல் கணக்கில் இருந்த ஓட்டையைப் பற்றி வருத்தத்தோடு கேட்ட கேள்விதான் அது. ஏமாற்றும் நோக்கம் அதில் துளியும் இல்லை. கைபேசியைக் கைப்பற்றியபோது அந்தப் பதிவும் போனது, விளக்கம் கோரும் அறிவிப்பின் இணைப்பில் எழுத்தாக வந்து நின்றது. அதே 40 வினாடிகளை அவர் எனக்கு அனுப்பியிருந்தால் ஆட்சேபிக்க எனக்கு ஒரு பிரிவு இருந்திருக்கும்.

ஆகவே முறையை மாற்றுங்கள். அறிவிப்பு வந்தால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆடிட்டரின் உதவி தேவைப்படும் என்பதில் ஐயமில்லை. அவரைக் கணக்குகளுக்குப் பயன்படுத்துங்கள், கவலைகளைக் கொட்டும் இடமாக ஆக்காதீர்கள். சட்ட ஆலோசனைக் கடிதங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள், பில் புத்தகத்துக்கு நடுவே செருகாதீர்கள். அந்தக் கடிதத்தை வியாபாரிகள் சங்க வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம வக்கீல் என்ன சொல்லியிருக்கார் பாருங்க’ என்று பகிர்ந்தால், ரகசியம் என்று வாதாட அதன் பிறகு முகமிருக்காது. மாறாக, கொள்முதல் ரிஜிஸ்டரை வழக்கறிஞரின் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அது சிறப்புரிமை பெற்றுவிடும் என்ற எண்ணமும் வேண்டாம். தொழிலுக்காக உருவான ஆவணம் எங்கே இருந்தாலும் தொழில் ஆவணம்தான். ஆலோசனைக்காக எழுதியதற்குத்தான் காப்பு. தாளின் தலைப்பில் ‘ரகசியம்’ என்று சிவப்பு மையில் எழுதுவதாலும் எதுவும் மாறாது.

கணவனும் மனைவியும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனங்கள் இங்கே ஏராளம், அவர்களுக்காக ஒரு குறிப்பு. மணவாழ்வில் துணை சொன்னதை வெளியிடும்படி மற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. அது தம்பதி என்ற முறையில் பேசியதற்கு. பங்குதாரர் என்ற முறையில் காசோலையில் போட்ட கையெழுத்துக்கு அது துணை வராது.

வாக்குமூலம் கொடுக்கும் நாள்

வழக்கறிஞர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஆட்சேபம் சொல்வார் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். வரி, சுங்க விசாரணைகளில் வழக்கறிஞர் உடன் இருக்க உரிமை இல்லை என்று 1992-இல் பூல்பாண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த தீர்ப்புகளில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் வழக்கறிஞர் இருக்கலாம் என்ற நடைமுறை உருவானது; 2011-இல் ஜுகல் கிஷோர் சம்ரா வழக்கில் அப்படியே அனுமதித்தார்கள். போட்டி ஆணையத்துக்காக விசாரணை நடத்தும் தலைமை இயக்குநர் முன்பாகவும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். இது தானாகக் கிடைக்காது. முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர் என் கட்சிக்காரர், வாழப்பாடிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். அதிகாரி கேட்கக் கேட்க அவர் தலை அசைந்துகொண்டே இருந்தது. மாலையில் நகலைப் படித்தால் ஒன்பது இடங்களில் ‘ஆம், அது உண்மை’ என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. “இப்படிச் சொன்னீர்களா?” என்று கேட்டேன். “அவர் பேசிட்டிருந்தாருங்க, நான் ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றார்.

நம் பேச்சில் ‘ஆமாங்க’ என்பது பாதி நேரம் சம்மதமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்ற மரியாதை மட்டுமே. எழுத்தில் ஏறும்போது மரியாதை விழுந்துவிட்டு ஒப்புதல் மட்டும் மிஞ்சுகிறது. அதிகாரி வேண்டுமென்றே செய்தார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். எனவே விசாரணைக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் பழக்குவது, கேள்வி முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பதையும், முடிந்த பிறகு முழு வாக்கியத்தில் பதில் சொல்வதையும்தான். தெரியாததற்கு ‘தெரியாது’ என்றும், கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியதற்கு ‘ரிஜிஸ்டரைப் பார்த்து எழுத்தில் தருகிறேன்’ என்றும் சொல்வது மழுப்பல் ஆகாது. ஊகத்தில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட அது நேர்மையானது. சட்ட ஆலோசனை பற்றிய கேள்வி வந்தால், ‘அது என் வழக்கறிஞரோடு பேசியது, 134-ஆம் பிரிவின்கீழ் வெளியிட விரும்பவில்லை’ என்று சொல்லி, அந்தச் சொற்களே பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாத ஆட்சேபம் தாளில் இருக்காது.

கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்துக் காட்டாமலேயே ‘தமிழில் விளக்கப்பட்டது’ என்ற வரியின்கீழ் கையெழுத்து போட வேண்டாம். தவறு இருந்தால் அதே இடத்தில் அடித்து, திருத்தி, சுருக்கொப்பம் இடுங்கள். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய வாக்குமூலம் என்றால் அதைத் திரும்பப் பெறும் கடிதம் மறுநாளே ஸ்பீடு போஸ்ட்டில் போக வேண்டும். தன்னிச்சையாகக் கொடுத்ததா என்பதை நீதிமன்றங்கள் ஆராய்கின்றன என்றாலும், ஆறு மாதம் கழித்து விளக்கம் கோரும் அறிவிப்பு வந்த பிறகு மறுக்கிறவரை யாரும் எளிதில் நம்புவதில்லை. என் கட்சிக்காரருக்காக அந்தக் கடிதத்தை அன்று இரவே எழுதினோம்.

உங்கள் தொழிலாளியைச் சாட்சியாக அழைத்தால் வேறொரு விதி வருகிறது. நீதிமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் தானே மாட்டிக்கொள்ள நேரும் என்பதற்காகச் சாட்சி பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் கட்டாயத்தின்பேரில் சொன்ன அந்தப் பதிலை வைத்து அவரைக் கைது செய்யவோ அவர்மீது வழக்குத் தொடரவோ கூடாது என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 137-ஆம் பிரிவு விலக்குரிமை தருகிறது; பொய்ச் சாட்சிக்கு மட்டும் அது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு வெளியே, அலுவலக மேசையில் தாமாகச் சொன்னதற்கு இந்தப் பிரிவைத் துணைக்கு அழைக்க முடியாது.

அமைப்பும் தன் பங்குக்கு மறைக்கும்

சிறப்புரிமை உங்களுக்கு மட்டும் உரியதில்லை. அரசுப் பொது வருவாய் தொடர்பான குற்றத் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி வருவாய் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே ‘யார் புகார் கொடுத்தார்கள்’ என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கத்து ஆலைக்காரர்மீது வீண் பகை வளர்வதுதான் மிச்சம்.

கேட்க வேண்டியது வேறு: உங்களுக்கு எதிராக நம்பியிருக்கும் ஆவணங்கள் அனைத்தின் நகலையும், விசாரணை அறிக்கையையும், பகுப்பாய்வு அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, விசாரணை அறிக்கையை உள் ஆவணம் என்று சொல்லித் தர மறுத்தபோது, சம்பந்தப்பட்ட பகுதிகளை மூன்றாம் தரப்பினரின் தகவல்கள் நீங்கலாகத் தர வேண்டும் என்று 2022-இல் தகானோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரிலையன்ஸ் வழக்கில், தான் பெற்ற சட்டக் கருத்துக்குச் சிறப்புரிமை உண்டு என்ற செபியின் வாதத்தையும் ஏற்க மறுத்து ஆவணங்களைத் தரச் சொன்னது. மும்பையில் பெரிய நிறுவனத்துக்குச் சொன்ன இந்த நியாயம் மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடக்கும் உணவுக் கலப்பட விசாரணைக்கும் மேற்கோளாகும். நான் காட்டியிருக்கிறேன், நகலும் கிடைத்திருக்கிறது.

நீங்கள் கொடுக்கும் ஆவணங்களில் தொழில் ரகசியம் இருந்தால், கொடுக்கும்போதே எந்தப் பக்கம் ரகசியம், வெளியானால் என்ன நட்டம் என்று தனிக் கடிதத்தில் எழுதுங்கள். பின்னாளில் யாராவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டால், பொதுத் தகவல் அலுவலர் 5 நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். நீங்கள் 10 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம்.

சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களா

சில சட்டங்களில் ஆம், ஆனால் கணக்காக. வியாபாரிகள் கூடி விலை பேசி முடிவு செய்வது நம் ஊரில் தேநீர்க் கடைப் பேச்சாக இருக்கலாம். போட்டிச் சட்டத்தில் அது கூட்டுச்சதி. அபராதம் கூட்டுச்சதி நடந்த ஆண்டுகள் ஒவ்வொன்றின் லாபத்தைப் போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகும். அச்சட்டத்தின் 46-ஆம் பிரிவின்கீழ், முழுமையாகவும் உண்மையாகவும் முதலில் வந்து சொல்கிறவருக்கு அபராதம் 100 சதவீதம் வரையும், அடுத்தவருக்கு 50 சதவீதம் வரையும், அதற்குப் பின் வருபவருக்கு 30 சதவீதம் வரையும் குறையலாம். விசாரணை அறிக்கை ஆணையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு சொன்னால் எதுவும் கிடையாது. சங்கத் தலைவரும் செயலாளரும் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பாவார்கள் என்பதையும், அபராதத்திலிருந்து தப்பியவர்கூடப் பாதிக்கப்பட்டவர் கேட்கும் இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது என்பதையும் சேர்த்து எடை போட்டே இதில் இறங்க வேண்டும். செபி சட்டத்திலும் மத்திய அரசு விலக்குரிமை வழங்க ஒரு பிரிவு இருக்கிறது. எந்தச் சட்டமானாலும் எழுத்தில் உத்தரவு வரும்வரை, அதிகாரியின் வாய்மொழி உறுதி விலக்குரிமை ஆகாது.

புகார் கொடுப்பவருக்கும் ஓரளவு காப்பு உண்டு. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த குற்றச்சாட்டு அவதூறாகாது என்று இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதே புகாரை முகநூலில் போட்டால் அந்த விதிவிலக்கு கூடவே வராது. உணவுச் சட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்மீது கொடுக்கும் பொய்ப் புகாருக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் இயற்றிய சட்டத்தையோ இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

அதிகாரிக்கு உள்ள காப்பு

ஏறக்குறைய எல்லாச் சட்டங்களின் கடைசிப் பக்கங்களிலும் ‘நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக வழக்குத் தொடர முடியாது’ என்று ஒரு பிரிவு இருக்கும். உணவுச் சட்டத்தில் 88, நீர்ச் சட்டத்தில் 59, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 157. இதைப் படித்துவிட்டு, எதுவும் செய்ய முடியாது என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. இந்த விலக்குரிமை அதிகாரி என்ற ஆளுக்குத்தான்; அவர் போட்ட உத்தரவுக்கு இல்லை. உத்தரவை மேல்முறையீட்டிலும், தேவைப்பட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவிலும் எதிர்க்கலாம். உணவுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, காரணமின்றித் தொல்லை தரும் நோக்கில் பொருளைக் கைப்பற்றும் அதிகாரிக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதை நிரூபிக்க உங்களிடம் அன்றைய மகஜரின் (சோதனையின்போது எழுதும் பதிவின்) நகலும், சாட்சிகள் யார் என்ற குறிப்பும், வந்த நேரமும் போன நேரமும் இருக்க வேண்டும். கண்காணிப்பு கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அதை அன்று மாலையே தனியாக எடுத்து வையுங்கள்.

வாழப்பாடிக்காரருக்கு இரண்டாவது அழைப்பாணை மூன்று வாரத்தில் வந்தது. இம்முறை அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தபோது தலை அசையவில்லை. நகலில் ஏழு இடங்களில் ‘பதிவேட்டைப் பார்த்து எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்’ என்று இருந்தது. வெளியே வந்தவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்: “மரியாதை இல்லாம பேசிட்டேனோன்னு இருக்குதுங்க, தப்பா எடுத்துக்குவாங்களா?”